குதிரையும் நாயும் ஒரு விகுதியும்

பிரெஞ்சு மொழியில் தொப்பி செய்கிறவர் ஷப்பெலியே. செருப்புத் தைக்கிறவர் கோர்தொனியே. நகை விற்கிறவர் பிழூத்தியே. இனிப்புப் பலகாரம் செய்து விற்கிறவர் பாத்திசியே. மளிகைக் கடை வைத்திருப்பவர் எபிசியே. எல்லாச் சொற்களின் வாலிலும் தொங்குகிற அந்த ‘இயே’ என்னும் விகுதி இலத்தீனின் ‘ஆரியுஸ்’ என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. ஒரு பொருளோடு ஒரு மனிதரை முடிச்சுப் போடுவதுதான் அதன் வேலை. 1830களில் பாரிஸின் கலை விமர்சகர்கள் சில சிற்பிகளுக்கு இந்த விகுதியைச் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். அனிமலியே.

விலங்குச் சிற்பி என்று இதைத் தமிழாக்கினால் பொருள் சரியாக வரும். சுருக்கென்று குத்திய முள் வராது. அந்த முள் ‘அனிமல்’ என்ற பகுதியில் இல்லை, விகுதியில் இருக்கிறது. நம் மொழியில் அதற்கு ஈடு ‘காரர்’. பூக்காரர், பால்காரர், வளையல்காரர், மாட்டுக்காரர். வடமொழியின் ‘கார’விலிருந்து வந்தது, செய்பவர் என்பது மூலப் பொருள். ஆனால் நம் தெருவில் அது செய்பவர், விற்பவர், வைத்திருப்பவர் எல்லோருக்கும் பொது. குற்றமற்ற விகுதிதான். ஆயினும் ஐம்பது ஆண்டுகள் விக்கிரகம் வார்த்த ஒரு ஸ்தபதியைப் பார்த்து “பொம்மைக்காரரே” என்று கூப்பிட்டுப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறுமோ, அப்படித்தான் அந்தப் பாரிஸ் சிற்பிகளின் முகமும் மாறியிருக்கும். விலங்குக்காரர்கள். அனிமலியே என்பதன் சரியான தமிழ் அதுதான் என்று நினைக்கிறேன்.

சொல்லின் முன்பாதி ஏளனத்துக்கு இடமே தராதது. இலத்தீனில் ‘அனிமா’ என்றால் மூச்சு, உயிர். மூச்சுடையது ‘அனிமல்’. இதன் வேர் நமக்கு அயலானதில்லை. மூச்சுவிடுதலைக் குறிக்கும் ‘அன்’ என்ற அதே பழைய வேரிலிருந்துதான் வடமொழியில் பிராணன் வந்தது, பிராணன் உடையது பிராணி ஆயிற்று. நாம் ‘வாயில்லாப் பிராணி’ என்று இரக்கத்தோடு சொல்லும் சொல்லும், பாரிஸ்காரர்கள் ஏளனத்தோடு சொன்ன சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தமிழின் ‘விலங்கு’ வேறு வழியில் வந்தது. குறுக்கே இருத்தல் என்பது அதன் அடிப்படை. மனிதன் நெடுக்காக நிற்கிறான். முதுகு தரைக்கு இணையாகக் குறுக்கே கிடக்க நடப்பது விலங்கு. ஒரு மொழி மூச்சைப் பார்த்துப் பெயர் வைத்தது, இன்னொன்று முதுகெலும்பைப் பார்த்து வைத்தது. சிற்பியின் கண் தமிழுக்குத்தான் இருந்திருக்கிறது என்று ஒரு கணம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். களிமண்ணிலோ மெழுகிலோ குதிரை செய்ய உட்காருகிற எவரும் முதலில் போடுவது அந்தக் குறுக்குக் கோட்டைத்தான்.

பெயருக்கு முதலில் இலக்கானவர் அந்த்வான்-லூயி பாரி. (நம் காதுக்குப் பறம்பு மலைத் தலைவனின் பெயர்போல ஒலிக்கிறது; பிரெஞ்சுக்காரர்களும் ஏறத்தாழ அப்படியேதான் உச்சரிக்கிறார்கள்.) பொற்கொல்லர் ஒருவரின் மகன். சிற்பக் கல்வியின் உச்சப் பரிசான ரோம் பரிசுக்குப் பலமுறை முயன்றார், முதலிடம் கிடைக்கவில்லை. 1823 முதல் 1831 வரை ஒரு பொற்கொல்லர் பட்டறையில் சின்னச் சின்ன விலங்குருவங்கள் செய்து பிழைத்தார். அந்த முதலாளியின் குடும்பப் பெயர் ஃபோகொனியே. வல்லூறு பழக்குகிறவர் என்று பொருள். அதிலும் அதே விகுதி! வேலையில்லா நேரமெல்லாம் பாரிஸின் தாவரத் தோட்டத்தை ஒட்டிய விலங்குக் காட்சியகத்தில் கழிந்தது. சிங்கமொன்று இறந்தால் ஓடிப்போய் அதன் எலும்பையும் தசைநாரையும் அளந்து வரைந்துகொண்டார். ஓவியர் தெலக்ருவாவும் கூட இருந்து வரைந்தார்.

1831இல் அரசின் பெருங்கண்காட்சியான சலோனில் பாரி வைத்த சிற்பம், கங்கை முதலையைக் கடித்துத் தின்னும் புலி. முதலைக்குத் தலைப்பில் அவர் எழுதிய பெயர் ‘கவியால்’. மூக்கு நுனியில் கடா என்னும் பானையைக் கவிழ்த்தது போன்ற குமிழ் உள்ளதால் வட இந்தியர்கள் ‘கடியால்’ என்று அழைத்த பிராணி அது. ஐரோப்பிய நூல்களில் எழுத்து மாறி ‘கவியால்’ ஆகிவிட்டது. ஓர் எழுத்துப் பிழை விலங்கியல் பெயராகி, பிறகு வெண்கலத்தின் தலைப்பாகியும் நின்றுவிட்டது.

விமர்சகர்களுக்கு ஏன் கோபம் வந்தது? புலி அசிங்கமாக இருந்ததால் இல்லை. அது இடம் மாறி நின்றது. பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஏணி ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. 1667ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளுக்கு ஆந்த்ரே ஃபெலிபியேன் எழுதிய முன்னுரையில் அந்தப் படிகள் தெளிவாக இருக்கின்றன. பழமும் பூவும் வரைகிறவர் கீழே. உயிருள்ள விலங்கை வரைகிறவர் அதற்குச் சற்று மேலே. மனித உருவம் அதற்கும் மேலே. புராணமும் வரலாறும் உச்சியில். விலங்குக்கு ஏணியில் இடம் உண்டு, ஆனால் அதன் படியில் அது நிற்க வேண்டும். ஹெர்குலிசின் காலடியில் சிங்கம் கிடக்கலாம். ஹெர்குலிஸ் இல்லாமல் சிங்கம் மட்டும் வந்து நடுக்கூடத்தில் நின்றால் அது நகைக்கடைச் சரக்கு. அனிமலியே என்ற பெயர் அந்தக் கோபத்தின் சுருக்கெழுத்து.

மூன்று ஆண்டுகளில் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பட்டத்து இளவரசரான ஓர்லெயான் பிரபு தம் விருந்து மேசையின் நடுவே வைக்க ஒரு வெண்கலத் தொகுப்பு கேட்டார். ஐந்து வேட்டைக் காட்சிகள், நான்கு விலங்குச் சண்டைகள். நடுநாயகமாக யானைமேல் இருந்து புலியை எதிர்க்கும் இந்திய வேட்டைக்காரர்கள். ஒனோரே கோனோன் என்ற வார்ப்பாளர் மெழுகு வார்ப்பு முறையில் அவற்றைச் செய்து கொடுத்தார். 1837இல் சலோனுக்கு அனுப்பியபோது நடுவர் குழு ஏற்க மறுத்துவிட்டது. இது சிற்பமல்ல, தட்டான் வேலை என்பது அவர்கள் எண்ணம். அதாவது பெயரின் விகுதியை அவர்கள் தீர்ப்பாகவே எழுதிவிட்டார்கள். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் பாரி அந்தப் படியேறவில்லை. அந்த வேட்டைக் காட்சிகளை இன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இனிக் குதிரைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

குதிரைக்கு இலத்தீனில் இரண்டு சொற்கள் இருந்தன. ‘எக்வுஸ்’ என்பது உயர்ந்த சொல். நம் அசுவத்துக்கு நேர் உடன்பிறப்பு. ‘கபல்லுஸ்’ என்பது தாழ்ந்த சொல். சுமை இழுக்கிற, ஜட்கா வண்டிக்குப் பூட்டுகிற மாதிரியான சாதாரணக் குதிரை. பேரரசு சரிந்து, பேச்சு மொழிகள் தலையெடுத்தபோது உயர்ந்த சொல் புத்தகத்தோடு போயிற்று. வாழ்ந்தது வண்டிக் குதிரை. பிரெஞ்சின் ‘ஷெவால்’, இத்தாலியின் ‘கவாலோ’, ஸ்பானியத்தின் ‘கபாயோ’ எல்லாம் அந்தக் கபல்லுசின் வாரிசுகள். எக்வுஸ் பிறகு படித்தவர்களின் கையால் நூலகத்திலிருந்து எடுத்துவரப்பட்டு ‘எக்கெஸ்த்ர்’ என்ற அலங்காரச் சொல்லாகத் திரும்பியது. ஆங்கிலத்தின் ‘ஈக்வெஸ்ட்ரியன்’ அதே ஆள்தான்.

இந்தப் பிளவு சிற்பத்திலும் அப்படியே விழுந்தது. அரசன் ஏறி அமர்ந்திருந்தால் அது எக்கெஸ்த்ர் சிலை. ரோமில் மார்க்குஸ் அவுரேலியுஸ், பதுவாவில் தொனத்தெல்லோ செய்த கத்தமெலாத்தா, வெனிசில் வெரோக்கியோ செய்த கொல்லெயோனி, பாரிஸில் ழிரார்தோன் செய்து 1792இல் புரட்சிக்காரர்கள் உடைத்துப்போட்ட பதினான்காம் லூயி. சிலையின் எடையில் பெரும்பங்கு குதிரையுடையது. பெயர் முழுவதும் ஏறியவருடையது. சென்னைத் தீவுத்திடல் அருகே நிற்கிற தாமஸ் முன்றோவை எத்தனை முறை கடந்து போயிருப்போம்! பிரான்சிஸ் ஷாண்ட்ரி செய்து 1839இல் நிறுவப்பட்ட வெண்கலம் அது. சேணம் இல்லை, அங்கவடி இல்லை, சிற்பி மறந்துவிட்டார் என்று நாம் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி வருகிறோம். (மறதி என்று நான் நம்பவில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதே ஷாண்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் அங்கவடி இல்லாமல்தான் அமர்ந்திருக்கிறார்.) சேணத்தைக் காணோம் என்று கவலைப்பட்ட நாம், அந்தக் குதிரையின் பெயர் என்ன என்று கேட்டதில்லை. அது எக்கெஸ்த்ர் சிலை. அங்கே குதிரை என்பது கால் முளைத்த பீடம்.

முன்றோ சிலை சென்னையில் நிறுவப்படுவதற்கு ஓராண்டு முன், 1838இல், பாரிஸ் சலோனில் ஓர் இளைஞர் முதல் முறையாக ஒரு சிற்பம் வைத்தார். நாயும் நரியும். அவர் பெயர் பியேர்-ழூல் மேன். உலோகக் கடைசல்காரரின் மகன், கலைப்பள்ளியின் படி மிதிக்காதவர். அப்பாவின் பட்டறையில் உலோகத்தைத் தொட்டுக் கற்றது, விலங்குகளைப் போய்ப் பார்த்துக் கற்றது, அவ்வளவுதான் படிப்பு. அதே ஆண்டில் சொந்தமாக வார்ப்புப் பட்டறையும் தொடங்கினார். அவர் செய்த குதிரைகளில் பெரும்பாலானவற்றின் முதுகு காலி. வேலியருகே நிற்கிற குதிரை, தாயின் மடியோடு ஒட்டிய குட்டி. ஏறியவர் இறங்கிப்போன பிறகு குதிரை என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருந்தவரின் வேலை அது. கழுத்து நரம்பு புடைப்பது, பின்காலில் ஒன்றைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றுவது, காதுகள் இரண்டும் இரண்டு பக்கம் திரும்பியிருப்பது. எக்கெஸ்த்ர் சிலையில் இவற்றுக்கெல்லாம் இடம் கிடையாது. ஷெவாலுக்கு உண்டு. ஏணியின் உச்சியில் இருந்த சொல் குதிரையைத் தூக்கி நிறுத்தியும் அதைப் பார்க்கவில்லை. வண்டிக் குதிரையின் சொல்தான் பார்த்தது.

கபல்லுசுக்கு அந்த விகுதி சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் இதற்குள் கேட்டிருக்கலாம். கபல்லாரியுஸ், அதிலிருந்து ‘ஷெவாலியே’. குதிரைக்காரர். அது எங்கே போய் நின்றது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாய்களின் பெயர்களைப் பார்த்தால் விகுதி அங்கேயும் வாலாட்டிக்கொண்டு வருகிறது. ஒட்டிய வயிறும் வில்லாய் வளைந்த முதுகும் உள்ள ஓட்ட நாய்க்குப் பிரெஞ்சில் ‘லெவ்ரியே’ என்று பெயர். ‘லியேவ்ர்’ என்றால் முயல். முயல்காரர்! பிடிக்கிறவனுக்குப் பிடிபடுகிறவனின் பெயர். நம் ஊரில் அதே உடல்வாகும் அதே வேலையும் உள்ள நாய்க்குச் சிப்பிப்பாறை என்று அது பிறந்த ஊரின் பெயர். ராஜபாளையமும் கோம்பையும் அப்படியே. அங்கே இரையைச் சொல்லி அழைத்தார்கள், இங்கே மண்ணைச் சொல்லி அழைத்தோம். மோப்பம் பிடித்து மான் பதுங்கிய இடத்தை ஓசைப்படாமல் காட்டிக்கொடுக்கிற நாய்க்கு ‘லிமியே’ என்று பெயர். ‘லியெம்’ என்பது பழைய பிரெஞ்சில் கயிறு, வார். இந்த நாய் மற்றவைபோல் கூட்டமாக அவிழ்த்துவிடப்படுவதில்லை. கடைசிவரை வாரோடுதான் நடக்கும். ஆகவே வார்க்காரர்.

ஆங்கிலத்தின் ‘ஹவுண்ட்’ கதை வேறு. அது ஒருகாலத்தில் எல்லா நாய்க்கும் பொதுப்பெயர். இலத்தீனின் ‘கனிஸ்’, வடமொழியின் ‘சுவான’, ஆங்கிலத்தின் ஹவுண்ட் மூன்றும் பங்காளிகள். பிறகு ‘டாக்’ என்று ஊர் பேர் தெரியாத ஒரு சொல் நடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய சொல் காட்டுக்குப் போய்விட்டது, வேட்டை நாயை மட்டும் குறித்துக்கொண்டு. இலத்தீனில் எக்வுசுக்கு நேர்ந்தது போலவே, பழைய குடும்பச் சொல்லைப் புதிய சொல் ஓரங்கட்டிய கதைதான் இதுவும். ஆனால் இங்கே ஓரங்கட்டப்பட்டது புத்தகத்துக்குள் போகாமல் வேட்டைக்காரரோடு போனதால் பிழைத்தது.

மேனின் வேட்டை நாய்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் வேறுபாடுகள் கண்ணிலேயே தெரியும். கௌதாரி பதுங்கிய புதரைச் சுற்றி உறைந்து நிற்கும் நாய்கள் ஒரு தொகுப்பு. ஒன்று முன்காலைத் தூக்கியபடி, இன்னொன்று உடலைத் தாழ்த்தியபடி. எல்லாம் பார்ப்பது ஒரே புள்ளியை. பதினைந்தாம் லூயி காலத்து உடையணிந்த வேட்டைப் பணியாளர் தம் நாய்க்கூட்டத்தை வாரில் இழுத்துப் பிடித்திருப்பது இன்னொன்று. அதில் சிற்பத்தின் உயிர் நாயிலும் இல்லை, ஆளிலும் இல்லை. இருவருக்கும் நடுவே விறைத்து நிற்கிற வாரில் இருக்கிறது. லிமியே என்ற சொல் எங்கே பிறந்ததோ அந்த இடத்தில். மேனின் மருமகன் ஒகுஸ்த் கேன் அதே வேட்டை நாய்களைப் பேருருவாகச் செய்தார்; அவை பாரிசுக்கு வடக்கே, புகழ்பெற்ற குதிரை லாயங்கள் உள்ள ஷாந்தியியில் கோட்டைக்கு முன்னால் வைக்கப்பட்டன.

ஷாந்தியியில் 1830களில் குதிரைப் பந்தயம் தொடங்கியிருந்தது. பந்தயத்தோடு ‘ஜாக்கி’, ‘டெர்பி’ என்ற ஆங்கிலச் சொற்களும் பிரெஞ்சுக்குள் வந்து ஏறின. ஜாக் என்ற சர்வசாதாரணப் பெயரின் ஸ்காட்லாந்து வடிவத்தைச் செல்லமாகச் சுருக்கியது ஜாக்கி. டெர்பி ஒரு பிரபுவின் பட்டப் பெயர். வேலைக்காரப் பையனின் பெயரும் பிரபுவின் பெயரும் ஒரே குதிரையில் சவாரி. 1863இல் மேன் ‘டெர்பி வென்றவன்’ என்று ஒரு வெண்கலம் செய்தார். வென்றவன் குதிரையா, ஜாக்கியா என்று தலைப்பு சொல்லவில்லை. இசிதோர் போனர் செய்த ஜாக்கிகளும் இந்தக் காலத்தவைதான். புகழ்பெற்ற ஓவியரான அவருடைய அக்காள் ரோசா போனரும் விலங்குச் சிற்பங்கள் செய்தார். இருவருடைய மாதிரிகளையும் வார்த்தது அவர்கள் மைத்துனரான ஹிப்பொலித் பேரோலின் பட்டறை.

பட்டறை என்றதும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விமர்சகர்களின் விகுதி ஒரு வகையில் உண்மையும்கூட. இவர்கள் ‘காரர்கள்’தாம். பாரி 1845இல் எமில் மார்த்தேன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து தம் வெண்கலங்களைத் தாமே வார்த்து விற்கும் நிறுவனம் தொடங்கினார். விலைப்பட்டியல் அச்சடித்தார். நகாசு வேலை மனத்துக்குச் சரியாகவில்லை என்றால் சரக்கைக் கொடுக்க மாட்டார் என்பதால் கடன் ஏறியது. 1848இல் தொழில் முறிந்தது. மாதிரிகள் கடன்காரர் கைக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்தே மீட்டார். 1875இல் அவர் இறந்த பிறகு நடந்த ஏலத்தில் அந்த மாதிரிகள் பலவற்றை ஃபெர்தினான் பார்பெதியென் என்ற பெரிய வார்ப்பாளர் வாங்கினார். மேனும் மருமகனும் தங்கள் பட்டறையிலேயே வார்த்து, பட்டியல் போட்டு விற்றார்கள். ஒரே குதிரை பல அளவுகளில் கிடைத்தது. நடுத்தரக் குடும்பம் தன் கணப்படுப்பின் மேல்தட்டில் வைக்கச் சிறியது, வசதியுள்ளவர் மேசைக்குப் பெரியது.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு பார்த்தவர்களுக்கு இந்தப் பன்மை கொஞ்சம் உறுத்தும். அங்கே மெழுகில் கரு செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றினால், மண்ணை உடைத்ததும் கிடைப்பது ஒன்றே ஒன்று. அடுத்ததற்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். பாரிஸ் விலங்குக்காரர்கள் பெரும்பாலும் மணல் வார்ப்பை நம்பினார்கள். முதலில் வெண்கலத்திலேயே ஒரு தாய் மாதிரி, அதைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். ஒவ்வொரு துண்டையும் ஈர மணலில் பதித்து அச்செடுத்து, வார்த்த துண்டுகளை முளை அடித்துச் சேர்த்து, சேர்ந்த தடம் தெரியாமல் உளியால் தீட்டி, அமிலமும் சூடும் கொண்டு நிறமேற்றினார்கள். அதனால் குதிரைகள் பெருகின. மேன் போன்ற ஒருவர் தம் பட்டறையிலேயே கண்ணெதிரே தீட்டவைத்தவரை அது கலையாகவே இருந்தது. பிற்காலத்தில் விற்றுப்போன சிற்பத்திலிருந்தே அச்செடுத்து வார்க்கிறவர்கள் புறப்பட்டார்கள். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அத்தகைய நகல் மூலத்தைவிட ஒரு நூலளவு சிறுத்து, காதோரமும் குளம்போரமும் மழுங்கி நிற்கும். அடித்தட்டில் மேனின் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். ஏலக் கூடங்களில் இன்று அனிமலியே என்ற சொல் விலையை ஏற்றும் சொல். சிறுமைப்படுத்த வந்த பெயர் ஒரு சரக்கின் தர முத்திரை ஆகிவிட்டது. ஆங்கிலேயர் அதை மொழிபெயர்க்கவே இல்லை, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாமும் பலவற்றை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்; ஆனால் இதை மட்டுமாவது விலங்குக்காரர் என்று தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வசையின் சூடு மொழிபெயர்ப்பில் மட்டுமே தெரிகிறது.

வெண்கலத்தின் பெயர் பற்றி ஒரு சொல். பிரெஞ்சு ‘ப்ரோன்ஸ்’ இத்தாலியின் ‘ப்ரோன்சோ’விலிருந்து வந்தது. அதற்கு முன்னால் வழி இரண்டாகப் பிரிகிறது. முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடி வார்ப்புக்குப் பேர்போன பிரிந்திசி துறைமுகத்தின் பெயர் என்பார் சிலர்; பித்தளையைக் குறிக்கும் பாரசீகப் ‘பிரின்ஜ்’ என்பார் சிலர். பாரசீகத்தில் அதே ஒலிப்புள்ள சொல் அரிசிக்கும் உண்டு. வழக்கு தீரவில்லை.

மேன் தம் குதிரைகளுக்கும் நாய்களுக்கும் பெயர் கொடுத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். ‘அரபுக் குதிரை’ என்று இனத்தோடு நிறுத்தாமல், எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட இப்ராகிம் என்றார். வேலியருகே நிற்கிற பார்பரிப் பொலிகுதிரைக்கு ஜின் என்று பெயர், அரபுக் கதைகளின் ஜின்தான். ஏறியவரின் பெயருக்கு மட்டும் இடமிருந்த வெண்கலத்தில் இது பெரிய மாற்றம். நமக்கு இது புதிதில்லை. சேரனின் குதிரை பாடலம், சோழனின் குதிரை கோரம், பாண்டியனின் குதிரை கனவட்டம் என்று நம் நிகண்டுகள் பெயர்களைப் பொத்திப் பாதுகாத்திருக்கின்றன. ஆனால் அங்கேயும் அரசன் முன்னால் வருகிறான். சோழனின் குதிரை என்று சொல்லித்தான் கோரம் என்கிறோம். மேனின் ஜின்னுக்கு எந்தச் சோழனும் வேண்டியிருக்கவில்லை.

1852 சலோனில் மெழுகிலும் அடுத்த ஆண்டு வெண்கலத்திலும் அவர் வைத்தது இரண்டு அரபுக் குதிரைகள், தஷியானியும் நெஜெபேயும். ஒன்று பொலிகுதிரை, மற்றது பெட்டை. நஜீபா என்றால் அரபியில் நற்குடிப் பிறந்தவள். உயர்ந்த சாதிக் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் அங்கே அந்த அடையை வழங்குவதுண்டு. பொலிகுதிரை தன் கழுத்தைப் பெட்டையின் கழுத்தின் மேலாக நீட்டி முகத்தை அருகே கொண்டுவருகிறது. பெட்டை அசையவில்லை, காது மட்டும் திரும்பியிருக்கிறது. குதிரைகள் ஒன்றையொன்று வரவேற்பது அப்படித்தான், கழுத்தோடு கழுத்து. விற்பனைப் பட்டியலிலும் வாங்கியவர் வாயிலும் இந்தச் சிற்பத்துக்கு நிலைத்த பெயர் ‘அக்கொலாத்’.

அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே கழுத்துதான் இருக்கிறது. இலத்தீனில் ‘கொல்லும்’ என்றால் கழுத்து. கழுத்தோடு கழுத்து சேர்த்தல் அக்கொலாத். இடைக்காலத்தில் ஒருவரை வீரப் பெருமகனாக ஆக்கும் சடங்கில் மூத்தவர் இளையவரைக் கழுத்தைக் கட்டி அணைப்பார். அந்த அணைப்புக்கு இந்தப் பெயர் நிலைத்தது. பிறகு அணைப்பு போய், தோளில் வாளின் தட்டைப் பக்கத்தால் தொடுவது அக்கொலாத் ஆயிற்று. ஆங்கிலத்தில் இன்னும் தேய்ந்து வெறும் பாராட்டு ஆகிவிட்டது. பிரெஞ்சு அச்சுக்கூடத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துப் பிடிக்கிற நெளிந்த அடைப்புக்குறிக்கும் அக்கொலாத் என்றே பெயர். மனிதர்களின் சடங்காகவும் புகழாகவும் அச்சுக்குறியாகவும் அலைந்து திரிந்த சொல்லை மேன் திரும்பவும் கழுத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். சொல்லின் வேரை அகராதியில் பார்த்துவிட்டு அவர் இதைச் செய்திருக்க வேண்டியதில்லை. குதிரைகளைப் பார்த்திருந்தாலே போதும்.

அந்தக் குதிரைக்காரச் சொல்லை மறக்கவில்லை. வண்டிக் குதிரையான கபல்லுசில் பிறந்த ஷெவாலியே, குதிரை ஏறத் தெரிந்தவர் என்று தொடங்கி, போர் வீரர், பெருமகன் என்று உயர்ந்து, கடைசியில் பிரான்சின் மிக உயர்ந்த அரச மரியாதையான லெஜியோன் தொனர் விருதில் ஒரு படிநிலையின் பெயராகியது. செருப்புக்கும் தொப்பிக்கும் பின்னால் நிற்கிற அதே விகுதிதான் அங்கேயும் நிற்கிறது. பாம்பைக் காலால் அழுத்தி நிற்கும் சிங்கத்தைச் செய்த பாரி 1833இல் ஷெவாலியே ஆனார். 1868இல், ஏணி வகுத்த கழகத்தின் வழித்தோன்றலான நுண்கலைக் கழகமே அவரை உறுப்பினராக்கியது. கடைசல்காரர் மகனான மேன் 1861இல் ஷெவாலியே ஆனார். அந்த விருதைச் சூட்டுகிறவர் பதக்கத்தைக் குத்திவிட்டு, சூட்டப்படுகிறவரை அணைத்துக்கொள்வது மரபு. இன்றும் அந்த அணைப்பின் பெயர் அக்கொலாத்.